பழைய பிளிமத் வண்டியின் பிரேக்குக் கோளாறு

நாஞ்சில் நாட்டில் இருபருவ மழையும் உண்டு. போதாக்குறைக்கு உப்புக் கடற்காற்றும் உண்டு. பழைய மோட்டார் வண்டியைப் போற்றி வைத்திருப்பார்க்கு இவை பெரும்பகை. குளச்சல் கடலோரத்தில் வாழும் நம் நண்பரொருவரிடம் 1948-ஆம் ஆண்டுப் பிளிமத் ஒன்று உளது. ஒருநாள் ஆரல்வாய்மொழிச் சாலையில் மாடு குறுக்கிட, அவர் பிரேக்கை மிதித்தனர். வண்டி இடப்புறமாக இழுத்துச் சாலையோரப் பள்ளத்தின் விளிம்பிற் போய் நின்றது. பட்டறையார் ஒருவர் இடது முன்சக்கரத்தையே குற்றவாளியாக்கி, அதன் பிரேக்கைத் தளர்த்திவிட்டனர். இழுப்பு நீங்கியது, கூடவே வண்டியை நிறுத்தும் ஆற்றலும் பெரிதும் நீங்கியது. இழுப்பினும் கேடு இதுவே. இது நேர்ந்த வகையை ஆராய்வாம்.

அடைபட்ட திரவத்தின்மேல் செலுத்திய அமுக்கம் எத்திசையும் சமமாய்ப் பரவும் என்னும் பாஸ்கல் விதியை மாணவர் அறிவர். மால்கம் லாக்ஹெட் என்பார் 1917-இல் இதனைப் பிரேக்கிற்குப் பயன்படுத்தினார். பிளிமத் தோன்றிய 1928-இலேயே இம்முறையைக் கொண்டது. போர்டு வண்டியோ 1939 வரை காத்திருந்தது. மிதிகட்டையை அழுத்தினால் தலைமைச் சிலிண்டரின் எண்ணெய் குழாய்வழியே சக்கரச் சிலிண்டர்களை அடைந்து, ஷூ எனப்படும் வளைந்த கட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும்.

முன்சக்கரம் இரண்டிற்கும் அமுக்கம் ஒன்றே. ஆகலின் வண்டி இடப்புறம் இழுத்தால், இடச்சக்கரம் மிகையாகப் பற்றுகிறது, அன்றேல் வலச்சக்கரம் பற்றவில்லை. பின்னதே பெரும்பான்மை என்க. தொழில் செய்பவனை விடுத்துச் சோம்பலனைத் தேட வேண்டும்!

முன்சக்கரங்களை ஜாக்கியால் உயர்த்தி, ஒருவர் மிதிகட்டையை மெல்ல அழுத்த, மற்றொருவர் ஒவ்வொன்றையும் கையாற் சுற்றுக. எளிதிற் சுழல்வதே ஐயத்திற்குரியது. மிதியை விட்ட பின்னும் ஒரு சக்கரம் இறுகியிருப்பின், காற்று வெளியேற்றும் திருகைச் சிறிது திறக்க. உடனே விடுபட்டால் அமுக்கம் உள்ளே சிறைப்பட்டதென்பது துணிபு. ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைத்திருத்தல் கூடும். எல்லாச் சக்கரங்களும் இறுகின், தலைமைச் சிலிண்டரையும் மிதிகட்டையின் விளையாட்டையும் நோக்குக. விளையாட்டு அறவே இல்லையேல், சூடேறி விரிந்த எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைபடும். பின்சக்கரம் இரண்டு மட்டும் இறுகினாற் கைப்பிரேக்கையும் ஐயுறுக. இவ்வண்டியில் அது கியர்ப்பெட்டியின் பின்னே உளது.

மிதி பஞ்சுபோல் அமுங்கினாற் காற்றுப் புகுந்தது. ஆழ இறங்கி, மறுமிதியில் உயர்ந்தால் ஷூவிற்கும் டிரம்மிற்கும் இடைவெளி மிகுந்தது. அழுத்திய நிலையில் மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு.

நண்பரின் வண்டியைத் திறக்கப் புகுந்தபோது முதலில் நாமே இடறினோம். இடப்புறச் சக்கர போல்ட்டுகள் இடமரையுடையன. வழக்கம்போற் சுழற்றினால் மேலும் இறுகுமே தவிர விடா. லைனிங் தூளை ஊதற்க. பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம்.

இவ்வண்டியின் ஒவ்வொரு முன்சக்கரத்திற்கும் சிலிண்டர் இரண்டு. வலச்சக்கரத்தின் ஒரு சிலிண்டரிற் பிஸ்டன் துருப்பிடித்து அசையாது கிடந்தது. பிரேக்கெண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவது. நெடுநாள் மாற்றாது விட்டால் உள்ளிருந்தே அரிக்கும். ஆதியில் ஆமணக்கெண்ணெயும் சாராய வகையும் கலந்தே பயன்படுத்தினர். இன்று அதனை நம்மூர்ச் சரக்கென்று ஊற்றலாகாது. எஞ்சின் எண்ணெயோ ரப்பரை வீங்கச் செய்து முற்றும் கெடுக்கும்.

சிலிண்டரைத் தேய்த்துத் தூய்மை செய்து, புதிய ரப்பர்க் கிண்ணங்கள் இட்டு, எண்ணெயை முழுதும் மாற்றிக் காற்றை வெளியேற்றினோம். தளர்த்தப்பட்ட இடச்சக்கரத்தையும் பழைய நிலைக்கு மீட்டோம். ஆளரவமற்ற வெளியில் மெதுவாகச் செலுத்தி மும்முறை மிதித்துப் பார்த்தோம். மூன்று முறையும் வண்டி நேரே நின்றது.