வெளியே தெரியாத வலி

நீலகிரி என்றதும் தேயிலைத் தோட்டமும் குளிர்காற்றும் நம் நினைவுக்கு வரும். அதே குளிர், அம்மலையின் ஆதிவாசி இளைஞர் சிலருக்கு எலும்பைத் துளைக்கும் வலியைக் கொண்டுவருகிறது. சிக்கிள் செல் எனப்படும் அரிவாளணுச் சோகை நோயே அதற்குக் காரணம்.

இந்நோயில் சிவப்பணு தன் வட்ட வடிவை இழந்து அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்க, கை, கால், முதுகு, மார்பு என எங்கும் பொறுக்கவொண்ணா வலி எழும். குளிர், காய்ச்சல், உடலில் நீர் குறைதல் ஆகியவை அதனைத் தூண்டும். லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடையே இவ்வணுவைக் கண்டு 1952இல் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய்க் கூறு உண்டென்று காட்டிய முதல் ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

வலி வந்து போவது. இடைப்பட்ட நாட்களில் அப்பிள்ளை மற்றவரைப் போலவே தோன்றுவான். ஆகவே நேற்று விளையாடியவன் இன்று படுத்திருந்தால் "சோம்பேறி" என்கிறோம். பள்ளிக்கு வராதிருக்கச் சாக்கு என்கிறோம். வயதுக்கேற்ற வளர்ச்சி தாமதமாவதும் கண் மஞ்சளாவதும் தோழர் கேலிக்கு இடமாகின்றன. வலியைவிட, அதனை ஒருவரும் நம்பவில்லை என்பதே இளம் உள்ளத்தை அதிகம் ஒடுக்குகிறது என்பது நம் கருத்து. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலியின் வருகையைக் குறைக்கும். தனிமைக்கு மாத்திரை இல்லை.

கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அங்கு ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் விளங்குகின்றனர். தன் மொழியில், தன் குடியைச் சேர்ந்த ஒருத்தி "எங்கே வலிக்கிறது?" என வினவும்போது அச்சம் பாதி தணியுமன்றோ!

2023இல் தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயது வரையுள்ளோரைச் சோதித்து அட்டை வழங்குகிறது. நன்று. ஆனால் அட்டையைக் கொடுத்தபின் அப்பிள்ளையோடு அமர்ந்து பேச ஆள் வேண்டும். இன்றேல் அதுவே திருமணத்திற்குத் தடையாகிவிடும். மரபணுக் கூறு ஒன்றை மட்டும் உடையவர் நோயாளி அல்லர். பெற்றோர் இருவரும் அக்கூறு உடையவராயின், ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தலசீமியாவுக்கும் இதுவே கணக்கு. எண்ணிக்கையில் சிறிய சமூகமாகி, உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமும் உடைய நாம், ஜாதகத்தோடு இரத்தச் சோதனையையும் பார்ப்பது நலம். பெண்ணை ஒதுக்குவதற்காக அன்று, முன்னரே அறிந்துகொள்வதற்காக.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாளணு நோய், தலசீமியா, ஹீமோபிலியா மூன்றையும் ஏற்றுள்ளது. நம் குடும்பங்களில் ஆசிரியப் பணி புரிவோர் பலர். அத்தகைய மாணவன் வகுப்பில் அடிக்கடி நீர் அருந்தவும் வெளியே சென்று வரவும் இசையுங்கள். குளிர்நாளில் கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவன் வாராத நாட்களின் பாடக் குறிப்பை ஒரு தோழன் வழியே வீட்டுக்கு அனுப்புங்கள்.