கரையொதுங்கும் ஆழ்கடல் மீன்களும் அவற்றைப் பற்றிய பதிவுகளும்

ஆழ்கடலில் வாழும் மீன்களை மனிதர் காண்பது அரிது. நோயுற்றோ, வலுவிழந்தோ, நீரோட்டத்தில் அகப்பட்டோ அவற்றுள் ஒன்று எப்போதேனும் கரையில் ஒதுங்குவதுண்டு. அவ்வாறு ஒதுங்கிய மீன் வெயிலில் விரைந்து அழுகும். நாய்களும் பறவைகளும் அதனைச் சிதைக்கும். அதற்குள் அதனை அளந்து எழுதி வைப்பார் உளராயின் அறிவியலுக்கு ஒரு செய்தி கிட்டும். இலராயின் வதந்தியே எஞ்சும். இதற்குத் துடுப்புமீனின் வரலாறு தக்க சான்றாகும்.

துடுப்புமீனின் இயல்பு

துடுப்புமீனின் உடல் நாடாவைப் போல் நீண்டு தட்டையானது, வெள்ளி நிறமுடையது, செதிலற்றது. சிவந்த முதுகுத் துடுப்பு தலையின் மேல் கொண்டைபோல் எழுந்து உடல் நெடுகிலும் செல்கின்றது. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் கம்பிபோல் நீண்டு, நுனியில் படகுத் துடுப்பின் அலகு போல் விரிந்துள்ளன. இதனாலேயே இப்பெயர் அமைந்தது. எலும்பு மீன்களுள் மிக நீளமானது இதுவே. 8 மீட்டர் வரை வளரும். ஆயினும் இதற்குப் பல் இல்லை. இறால் போன்ற சிற்றுயிர்களே இதன் உணவு. மனிதருக்கு இதனால் தீங்கில்லை.

பழைய பதிவுகள்

இம்மீனுக்கு முதன்முதலில் அறிவியற் பெயரிட்டவர் அஸ்கானியஸ். 1772-இல் நார்வே நாட்டு மீனைக் கொண்டு அதனைச் செய்தார். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விளங்கிய மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினக் கடலில் கிடைத்த இருநூறு மீன்களைப் படங்களுடன் விளக்கி 1803-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் துடுப்புமீனும் ஒன்று. அந்தப் பதிவை ஆதாரமாகக் கொண்டே பிரெஞ்சு அறிஞர் கூவியே 1816-இல் இம்மீனுக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார். 2012-இல் வெளிவந்த விரிவான ஆய்வு துடுப்புமீனில் இரண்டு இனங்கள் உண்டென வகுத்தது. ஒன்று அஸ்கானியஸ் விளக்கியது. மற்றொன்று ரஸ்ஸலின் பெயர் தாங்கியது. ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் கரையொதுங்கும் துடுப்புமீன்கள் இன்று விசாகப்பட்டின மீனின் பெயராலேயே குறிக்கப்படுகின்றன.

1860-இல் பெர்முடாத் தீவின் கரையில் 16 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஓர் உயிர் ஒதுங்கியது. கண்டவர்கள் அதனைக் கடற்பாம்பு என்றே எண்ணினர். எனினும் அதன் நீளமும் துடுப்புகளின் அமைப்பும் எழுதப்பட்டன. அக்குறிப்புகளைக் கொண்டே அது துடுப்புமீன் எனத் தெளிவாயிற்று.

நிலநடுக்கமும் மீனும்

ஜப்பானிய மக்கள் இம்மீனைக் கடலரசன் மாளிகையின் தூதன் என அழைப்பர். இது கரை சேர்ந்தால் நிலநடுக்கம் வரும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. 2009-10 குளிர்காலத்தில் ஜப்பானின் மேற்குக் கரையில் பல துடுப்புமீன்கள் காணப்பட்டன. 2011 மார்ச் 11-இல் பெரும் நிலநடுக்கமும் கடற்கோளும் நிகழவே, அந்நம்பிக்கை மேலும் வலுப்பெற்றது. ஆயின் நிலநடுக்கம் நிகழ்ந்தது எதிர்ப்புறமான கிழக்குக் கடலில். இடைப்பட்ட காலமோ ஓராண்டுக்கும் மேல்.

இந்நம்பிக்கையைச் சோதிக்க ஜப்பானிய ஆய்வாளர் பழைய பதிவுகளையே நாடினர். 1928 முதல் 2011 வரை செய்தித்தாள்களிலும் பிற ஏடுகளிலும் காணப்பட்ட 336 ஆழ்கடல் மீன் செய்திகளைத் தொகுத்து, 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டனர். 2019-இல் வெளியான முடிவின்படி, காலத்தாலும் இடத்தாலும் பொருந்தியது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். எனவே மீனைக் கொண்டு நிலநடுக்கத்தை முன்னறிய இயலாது.

கடற்கரை ஊர்களில் இவ்வுண்மையை எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை. மீன் ஒதுங்கியதால் அஞ்சுவது வீண். மீன் ஒதுங்கவில்லை என்பதால் ஆபத்தில்லை எனக் கருதுவது அதனினும் தீது. 2004 டிசம்பர் 26-இன் பேரழிவுக்குப் பின், 2007 முதல் ஐதராபாத்தில் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகின்றது. மக்கள் செவிசாய்க்க வேண்டியது அதன் எச்சரிக்கைக்கே.

களப்பணியாளர் செய்யத்தக்கன

அரிய மீன் ஒதுங்கியதாகச் செய்தி வந்தால், நாள், நேரம், இடம் ஆகியவற்றை முதலில் குறிக்க வேண்டும். மீன் உயிரோடு இருந்ததா என்பதையும், நிறம் மங்குமுன் அதன் நிறத்தையும் எழுத வேண்டும். அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுத்தல் நன்று. துடுப்புமீன்கள் பலவற்றில் வாலின் நுனி அற்றிருப்பதால், வால் முழுமையாக உள்ளதா எனக் குறிக்காத நீள அளவு பயன் தராது. மீனவர் வழங்கும் பெயரை அவர்கள் சொன்னவாறே பதிவு செய்க. இயன்றால் உடலைப் பனிக்கட்டியில் வைத்து, மீன்வளத் துறைக்கோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கோ, இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

இவற்றிற்கு வேண்டுவன ஓர் அளவுநாடாவும், ஒரு குறிப்பேடும், சற்றுப் பொறுமையுமே. 1803-இல் அச்சேறிய ஒரு பதிவு இன்றும் உலக அறிஞர்க்குப் பயன்படுகின்றது. இன்று கடற்கரையில் ஒரு களப்பணியாளர் கருத்துடன் எழுதும் குறிப்பும் அவ்வாறே பிற்காலத்தார்க்குப் பயன்படும்.