ஐந்தும் சமமானால் முதலிடம் யாருக்கு?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர்)

முன்னுரை

எங்கள் ஊரில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி நடப்பது வழக்கம். இரண்டாண்டுகளுக்கு முன் மூன்று தெரு அணிகள் ஒன்றையொன்று வென்று, ஆளுக்கொரு வெற்றியுடன் சமமாக நின்றன. அப்படி நேர்ந்தால் பரிசு யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இரவு பத்து மணிக்குப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். பரிசு கிடைக்காத இரு தெருக்காரர்களும் அதை ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் சென்றறியாத என் தந்தையார் வீடு திரும்பும் வழியில், "ஆடுறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருந்தா எவன்டா கேள்வி கேக்கப் போறான்?" என்றார்.

அக்கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. நம் நாட்டில் அதிகம் ஆடப்படாத பேஸ்பால் ஆட்டத்தின் உலகப் போட்டியைப் பற்றிப் படித்தபோது அதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்கே மூன்றல்ல, ஐந்து அணிகள் சமமாக நின்றன. அப்போட்டி நடக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டம்

கிரிக்கெட்டை அறிந்த நமக்குப் பேஸ்பாலைப் புரிந்துகொள்வது கடினமன்று. அணிக்கு ஒன்பது பேர். சாய்சதுர வடிவில் நான்கு தளங்கள். பந்தை அடித்துவிட்டு மூன்று தளங்களையும் கடந்து, புறப்பட்ட தளத்திற்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனதும் அணிகள் இடம் மாறும். இரு அணிகளும் ஒருமுறை அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ். ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். எனவே ஓர் அணி முழு ஆட்டத்தில் எதிரணியை 27 முறை அவுட் ஆக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டாவதாக அடிக்கும் அணி, ஒன்பதாவது இன்னிங்ஸின் முதற்பாதி முடிந்தபோதே முன்னிலையில் இருந்தால் மீண்டும் அடிக்க வேண்டியதில்லை. அப்போது தோற்ற அணிக்கு 24 அவுட் எடுக்கும் வாய்ப்பே கிடைத்திருக்கும். இந்த 24, 27 என்னும் எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

போட்டியின் அமைப்பு

உலக பேஸ்பால் கிளாசிக் எனப்படும் இப்போட்டி 2006ஆம் ஆண்டு 16 நாடுகளுடன் தொடங்கியது. முதற் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பான் கியூபாவை 10-6 என்று வென்றது. ஐந்தாவது போட்டி 2023 மார்ச்சில் நடந்தபோது நாடுகளின் எண்ணிக்கை 20 ஆக உயர்ந்திருந்தது. தைவானின் தைச்சுங், ஜப்பானின் தோக்கியோ, அமெரிக்காவின் பீனிக்ஸ், மயாமி ஆகிய நான்கு நகரங்களில் ஐந்தைந்து அணிகளாகப் பிரிந்து ஆடின. ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற நான்கு அணிகளுடனும் ஒருமுறை மோதும். முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குச் செல்லும். கடைசி அணியோ அடுத்த உலகப் போட்டிக்குத் தகுதிச்சுற்று ஆடித்தான் வரவேண்டும்.

அந்தத் தகுதிச்சுற்று சிறிய நாடுகளுக்குத் திறந்த வாயிலாகும். செக் நாடு 2022இல் ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் நகரில் நடந்த தகுதிச்சுற்றில் ஸ்பெயினை வென்று முதன்முறையாக உள்ளே வந்தது. அவ்வணியில் பலர் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள். பயிற்சியாளர் நரம்பியல் மருத்துவர். பந்து வீச்சாளர் ஒந்த்ரேய் சடோரியா மின்பணியாளர். அந்த மின்பணியாளர்தான் தோக்கியோவில் ஜப்பானின் புகழ்மிக்க வீரர் ஷோஹெய் ஓதானியை ஸ்டிரைக் அவுட் செய்தார்!

பந்துக்கும் உண்டு கணக்கு

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே இப்போட்டி நடைபெறுகிறது. வீச்சாளர்களின் கை அப்போது முழுமையாகப் பழகியிராது. ஆகவே ஒருவர் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2023இல் முதற்சுற்றில் 65, காலிறுதியில் 80, அதற்கு மேல் 95 என்பது விதி. 50 பந்துகளோ அதற்கு மேலோ வீசியவர் நான்கு நாள் ஓய்வெடுக்க வேண்டும். 30 முதல் 49 வரை வீசியவருக்கு ஒரு நாள் ஓய்வு. எனவே ஒரே ஒரு சிறந்த வீச்சாளரை நம்பி எந்த நாடும் வெல்ல முடியாது. 30 பேர் கொண்ட அணியில் 14 பேராவது வீச்சாளராக இருக்க வேண்டும் என்பதும் விதியே.

ஆட்டம் சமனில் முடிவதில்லை. ஒன்பது இன்னிங்ஸிலும் முடிவு தெரியாவிட்டால், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது தளத்தில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்திவிட்டே ஆட்டம் தொடங்கும்.

தைச்சுங்கில் நிகழ்ந்தது

தைச்சுங் பிரிவில் கியூபா, இத்தாலி, நெதர்லாந்து, பனாமா, சீன தைபே என்னும் பெயரில் ஆடும் தைவான் ஆகிய ஐந்து அணிகள். நெதர்லாந்து முதல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. கியூபா முதல் இரண்டிலும் தோற்றது. பிறகு காற்று திசைமாறியது. மார்ச் 12ஆம் நாள் கடைசி ஆட்டமும் முடிந்தபோது ஐந்து அணிகளுக்கும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி!

சமமான அணிகளில் யார் யாரை வென்றார் என்று பார்ப்பதே முதல் விதி. இங்கு அது பயன்படவில்லை. அனைவரும் சுற்றிச் சுற்றி ஒருவரையொருவர் வென்றிருந்தனர். அடுத்த விதி ஒரு வகுத்தல் கணக்கு: ஓர் அணி எதிரணிகளுக்குக் கொடுத்த ஓட்டங்களை, அது எடுத்த அவுட்களால் வகுக்க வேண்டும். ஈவு குறைந்த அணியே முன்னே நிற்கும்.

கியூபா: 15 ஓட்டம், 108 அவுட்; ஈவு 0.139.
இத்தாலி: 17 ஓட்டம், 108 அவுட், ஈவு 0.157.
நெதர்லாந்து: 19 ஓட்டம், 102 அவுட், ஈவு 0.186.

பனாமா 21 ஓட்டங்களும், தைவான் 31 ஓட்டங்களும் கொடுத்து நான்காம், ஐந்தாம் இடங்களைப் பெற்றன. கியூபாவும் இத்தாலியும் காலிறுதிக்குச் சென்றன.

கணக்குச் சொல்லும் பாடம்

ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்காமல் அவுட்களால் வகுப்பது ஏன்? ஓர் ஆட்டத்தில் 24 அவுட், மற்றோர் ஆட்டத்தில் 27, பத்து இன்னிங்ஸ் ஆடினால் 30 என்று மாறுவதால், ஆட்டம் என்பது சரியான அளவுகோல் ஆகாது. நெதர்லாந்தின் 102 என்பது 27, 27, 24, 24 ஆகியவற்றின் கூட்டுத்தொகையே. அலகு சமமாக இருந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும் என்று நம் ஆசிரியர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்பிரிவில் மிகுதியான ஓட்டம் எடுத்த அணி எது? 26 ஓட்டம் எடுத்த தைவான்! அதுவே கடைசி இடம். எடுத்தது எவ்வளவு என்று அந்த விதி கேட்கவில்லை. கொடுத்தது எவ்வளவு என்றே கேட்டது.

கடைசி ஆட்டத்தில் இத்தாலி நெதர்லாந்தை 7-1 என்று வென்றது. அதை வேறுவிதமாக நானே கணக்கிட்டுப் பார்த்தேன். அவுட்களின் எண்ணிக்கை மாறாமல், நெதர்லாந்து 4-1 என்று தோற்றிருந்தால் அதன் ஈவு 16ஐ 102ஆல் வகுக்க 0.1569. இத்தாலியின் ஈவோ 0.1574. அதாவது தோற்றும்கூட நெதர்லாந்தே காலிறுதிக்குச் சென்றிருக்கும்! 5-1 என்று தோற்றால் வெளியே. தோல்வி உறுதியான பின்பும் ஒவ்வோர் ஓட்டத்தையும் தடுக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே தோற்றாயிற்றே என்று கைவிட்டவன் கணக்கில் இரண்டாம் முறையும் தோற்கிறான்.

கியூபா காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-3 என்று வென்று, அரையிறுதியில் அமெரிக்காவிடம் 14-2 என்று வீழ்ந்தது. இறுதியாட்டத்தில் ஜப்பான் அமெரிக்காவை 3-2 என்று வென்று வாகை சூடியது.

தைவானின் கதை அத்துடன் முடியவில்லை. 2024 நவம்பரில் பிரிமியர் 12 என்னும் மற்றோர் உலகப் போட்டியில், தோக்கியோவிலேயே ஜப்பானை 4-0 என்று வென்று வெற்றிக் கோப்பையைப் பெற்றது. ஆனாலும் மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அந்தச் சாம்பியன் அணி தைபேயில் தகுதிச்சுற்று ஆடியே 2026 உலகப் போட்டிக்குள் நுழைந்தது. கோப்பை கையில் இருக்கிறது என்பதற்காக விதி வளைந்து கொடுக்கவில்லை.

முடிவுரை

இவ்விதியில் குறை காண்போர் இருக்கலாம். வகுத்தல் கணக்கால் ஒரு நாட்டை வீட்டுக்கு அனுப்புவதா என்று கேட்கலாம். ஆனால் முதற்பந்து வீசப்படும் முன்பே அவ்விதி ஐந்து அணிகளின் கையிலும் இருந்தது. பனாமாவுக்கு ஒன்று, கியூபாவுக்கு ஒன்று என்று இல்லை. என் தந்தையார் கேட்டதும் அதுதானே?

அவரிடம் இக்கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதி வச்சது சரி. அதைப் படிச்சுச் சொல்ல ஊருக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் விதியைப் படித்துச் சொல்லச் சொல்லி, இப்போது எங்கள் தெருவில் பலர் என்னிடம் வருகிறார்கள். வருகிற பொங்கலுக்குக் கபடிப் போட்டியின் விதிகளை ஒரு தாளில் எழுதித் தருவதாக விழாக் குழுவினரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மூன்று அணிகள் சமமானால் என்ன செய்வது என்பதே அதில் முதல் விதி. ஆட்டம் தொடங்குமுன் அதை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்பது இரண்டாவது.