வட்டி எவ்வளவு? ஒரு கணக்குப் பாடம்

ஊரில் கணவரை இழந்த பெண்களின் சுயதொழிலுக்கு உதவ வேண்டும் என்று எம்மில் பலர் விரும்புகிறோம். பணம் அனுப்பும் முன் நுண்கடனுக்கும் சுய உதவிக் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருத்தல் நல்லது.

2009இல் யுத்தம் முடிந்தபின் நுண்நிதிக் கம்பனிகள் பல வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்கு வந்தன. அவை பெரும்பாலும் காணி உறுதியோ நகையோ கேட்கவில்லை. சில பெண்களைச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என எழுதிக் கடன் கொடுத்தன. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் அயலவர் கட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடன் 50,000 ரூபா; வட்டி 20 வீதம் என்கிறார்கள். 50 கிழமைகளில் 60,000 ரூபா கட்ட வேண்டும். அதாவது கிழமைக்கு முதல் 1,000, வட்டி 200. பாதிக் கடன் அடைந்த பின்னும் வட்டி 200தான். கடைசிக் கிழமை மிஞ்சியிருக்கும் 1,000 ரூபாவுக்கும் அதே 200தான். சராசரியாக அவரிடம் இருந்த கடன் 25,500 ரூபா மட்டுமே. அதற்கு 10,000 ரூபா வட்டி என்றால், உண்மை வட்டி 40 வீதத்துக்குக் கிட்ட வருகிறது.

கோழிக்குஞ்சு வாங்கினால் முட்டையிட ஏறத்தாழ ஐந்து மாதம் செல்லும். தவணையோ அடுத்த கிழமையே தொடங்கிவிடும். அதைக் கட்ட இன்னொரு கடன், பின் வேறொன்று. இவ்வாறு சிக்கியவர்கள் ஏராளம். வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

சுய உதவிக் குழுவில் சேமிப்பே முதற்படி. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய திட்டம் இதற்கு உதாரணம். 10 முதல் 20 பெண்கள் மாதந்தோறும் சிறுதொகை சேமித்து, அதிலிருந்து தமக்குள் கடன் கொடுப்பார்கள். அந்த வட்டி குழுவின் நிதியிலேயே சேரும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்பதை அவர்களே கூடித் தீர்மானிப்பார்கள். நம் நாட்டின் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் இதே அடிப்படையில் 1906 முதல் இயங்கி வருபவை. குழுவிலும் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லாவிடில் சண்டைதான் மிஞ்சும்.

எனவே உதவ முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. வட்டி முழு முதலுக்கா, மீதிக் கடனுக்கா?
2. அந்த வட்டி யாரிடம் போய்ச் சேர்கிறது?
3. வருமானம் வரும் காலத்துக்கும் தவணைக்கும் பொருத்தம் உண்டா?

ஊரிலுள்ள உங்கள் சகோதரி கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறார் என்றால், இந்தக் கணக்கைத் தொலைபேசியில் அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.