ஏரியைச் சுற்றி வரலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் லேசான வலியும் உண்டு. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரோட்டில் நடந்தால் ஜல்லி லாரியும் புழுதியும். சென்னையில் மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேர்கிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை, ஏரிதான் இருக்கிறது. அதை ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா? பாம்புக்குப் பயமாக இருக்கிறது. கரையில் டைல்ஸ் பதிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். அது சரியா?

பதில்: ஏரியை முழுச் சுற்றாகச் சுற்ற முடியாதம்மா, முயலவும் வேண்டாம். கோயில் குளத்துக்கு நாலு பக்கமும் படி இருக்கும். நம் பக்கத்து ஏரிக்கு அப்படி இல்லை. நிலம் சரிகிற பக்கத்தில் மட்டும் வில்லை வளைத்து வைத்தாற்போல மண்கரை போட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் திறந்தே கிடக்கும், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அங்கே பாதை கிடையாது. சேறும் சீமைக்கருவேல முள்ளும்தான். கோடையில் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் அடியில் கால் புதையும். வண்டல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

ஆனால் நீங்கள் கேட்கிற வட்டம் வேறு விதமாகக் கிடைக்கும். கரைமேல் போங்கள், ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்வெளியான ஆயக்கட்டு வழியாகத் திரும்புங்கள். எந்த ஏரிக்கரையிலும் நடுநடுவே மதகு உண்டு. மதகிலிருந்து வாய்க்கால் இறங்கும், வாய்க்காலை ஒட்டி வரப்போ வண்டிப்பாதையோ போகும், அது கடைசியில் ஊருக்குள் கொண்டுவந்து விடும். கரைமேல் இருபது நிமிடம் நடந்துவிட்டு, அடுத்து வருகிற மதகில் இறங்கிவிடுங்கள். மணிக்கு நாலரை கிலோமீட்டர் என்ற நடையில் முக்கால் மணிக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர் ஆகும். ஆரம்பத்துக்கு அது போதும்.

கரையிலிருந்து இறங்கும்போது மட்டும் முழங்காலைக் கவனியுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குச் சுமை. கரையின் செங்குத்துச் சரிவில் குறுக்கே இறங்காதீர்கள். டிராக்டர் ஏறி இறங்குகிற சாய்வு ஏதாவது ஒரு இடத்தில் இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொண்டு அந்த வழியாகவே இறங்குங்கள். கையில் ஒரு கம்பு இருக்கட்டும், முழங்காலுக்கும் உதவும், நாய்க்கும் உதவும்.

வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான நடை என்பது அதுதான். அப்படி வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு அதைத் தாண்டிவிடுகிறது. முழங்கால் முரண்டு பிடித்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடக்கலாம். சில சர்க்கரை மாத்திரைகளால் நடையின் நடுவே சர்க்கரை இறங்கிவிடுவது உண்டு. முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு போகவே கூடாது. நெருஞ்சியும் கருவேல முள்ளும் குத்தியது உடனே உறைக்காமல் போவதுதான் சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை பாருங்கள்.

பாம்பைப் பற்றிய பயம் நியாயமானது. அறுப்பு நேரத்தில் வயலில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியனும் இருக்கும். விடிந்த பிறகு புறப்படுங்கள். இருட்டில் நடக்க நேர்ந்தால் டார்ச் அடித்துக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி.

என்னைக் கேட்டால், பாம்பைவிட, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து ஓடும்போது பார்க்க அவ்வளவு அழகு. கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று குறுக்கே நடக்கத் தோன்றும். அடியில் பாசி, தண்ணீருக்கு இழுப்பு. கலங்கல் ஓடுகிற நாளில் இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

உங்கள் ஊர் ஏரி பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் ஏரிக்குப் போங்கள். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வைரமேக தடாகம் என்று கல்வெட்டில் வருகிற ஏரி அது. கரை நடையை முடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. அதில் வருகிற குடவோலைத் தேர்தலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, ஏரியைப் பார்த்துக்கொள்ள அமைத்த ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. நாம் கால் வைத்து நடக்கிற கரையை இத்தனை கறாராகப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஏரியில் வண்டல் அள்ளுவதற்கென்றே தானம் எழுதி வைத்ததும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் உண்டு.

அதனால்தான் டைல்ஸ் மனுவை நான் ஆதரிக்க மாட்டேன். கரை மண்ணால் ஆனது. மழையில் கொஞ்சம் இறங்கும், எலி வளை தோண்டும், எங்காவது தண்ணீர் கசியும். அதையெல்லாம் கண்ணால் பார்த்து உடனே மண் போட வேண்டும். மேலே கல் பதித்து மூடிவிட்டால் கசிவும் பள்ளமும் உடையும் வரை தெரியாது. கால் மூட்டுக்கும் மண்தரைதான் இதம். மனு கொடுங்கள், ஆனால் வேறு கேளுங்கள்: கரையில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும், இறங்கும் சாய்வைச் சரி செய்ய வேண்டும், மதகில் உடைந்த கைப்பிடிச் சுவரைக் கட்ட வேண்டும், ஓரத்தில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி என்றால் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்கள் ஏரி எதில் வருகிறது என்று வி.ஏ.ஓ. சொல்லிவிடுவார். எந்தத் துறையாக இருந்தாலும் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கட்டாயம் கூடும். தனியாகப் போய் நிற்பதைவிட, கூட நடக்கிற நாலு பெண்களையும் அழைத்துக்கொண்டு போனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் விடுவது ஊராட்சிக்காரர்களுக்குச் சிரமம்.