வெட்டிய கள்ளி காயட்டும்

காஞ்சிபுரத்துத் தெருக்களில் பல வீட்டு நிலைவாசல்களுக்கு மேலே, திருஷ்டிக்காக ஒரு கற்றாழை வேரோடு தலைகீழாகத் தொங்கும். அதற்கு மண் கிடையாது, யாரும் தண்ணீர் தெளிப்பதும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் பசுமையாக இருக்கும். சிலசமயம் நுனி மேல்நோக்கி வளைந்து வளரவும் செய்யும். அதே மாதிரி ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஊரிலிருந்து ஆசையாக வெட்டிவந்த மூன்றடிச் சதுரக்கள்ளி பத்தே நாளில் தொட்டிக்குள் அழுகிச் சாய்ந்திருக்கும். தினம் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வளர்த்த கள்ளி அது.

கள்ளியும் கற்றாழையும் பகல் வெயிலில் மேல்தோலின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து மூச்சு விடுகின்றன. தண்ணீரைச் சதையிலேயே சேர்த்துவைக்கின்றன. அதனால் வெட்டிய பெரிய துண்டு வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். வேர் இல்லாத துண்டால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வெட்டுவாயில் பூஞ்சணத்துக்குத்தான் போகும்.

சப்பாத்திக்கள்ளியின் கதையே இதற்குச் சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டையையும் பரப்ப முயன்றவர் அவர். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த பூச்சியோ மட்டமான சாயம் தரும் இனம், தொழில் நிலைக்கவில்லை. கள்ளி மட்டும் நிலைத்தது. உடைந்து விழுந்த மடலெல்லாம் விழுந்த இடத்திலேயே காய்ந்து வேர்விட, தரிசுகளை முள் மூடியது. அதில் ஓர் இனத்தை அடக்க 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. யாரும் கவனிக்காதபோது அப்படிப் பிழைத்த செடி, கவனிப்பு மிகுந்தால் தொட்டியில் செத்துப்போகிறது.

வெட்டுவதற்குத் தை, மாசி, பங்குனிதான் காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கள்ளியில் கத்தி வைக்கவே கூடாது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, இழுத்து அறுக்காமல் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி மூன்றிலும் பால் பீறிடும். அது கண்ணில் பட்டால் பார்வையே சிலநாள் மங்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டு நேரே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வெட்டுவாயில் வடியும் பாலையும் தண்ணீர் தெளித்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

இனிமேல்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

வெட்டிய துண்டின் அடியைப் பார்த்தால், நடுச்சதையைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். வேர் கிளம்புவது பெரும்பாலும் அந்த வளையத்திலிருந்துதான். காயும்போது நடுச்சதை உள்வாங்கிக் குழிந்துவிடும், ஓரத்து விளிம்புகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் வெட்டிய உடனேயே பென்சில் சீவுவதுபோல் விளிம்புகளைச் சற்றுச் சாய்வாகச் சீவிவிட்டால், வளையம் அடியில் நின்று வேர் நேரே மண்ணுக்குள் இறங்கும். மேலே மஞ்சள்தூளோ சலித்த அடுப்புச் சாம்பலோ தடவலாம். இரண்டில் சாம்பல்தான் உத்தமம், ஈரத்தை இழுத்துவிடும்.

பிறகு காயப்போட வேண்டும். விரல்தடிமன் துண்டுக்கு ஒரு வாரம், மணிக்கட்டுத் தடிமனுக்கு இரண்டு மூன்று வாரம், தொடைத் தடிமனுக்கு ஒரு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள நிழல் போதும். கிடத்தி வைத்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளையும், பக்கவாட்டில் வேர் வரும். காலித் தொட்டிக்குள் நிறுத்தி வைப்பதே சரி. வெட்டுவாயை நகத்தால் தட்டினால் கொட்டாங்கச்சியைத் தட்டியதுபோல் டக்கென்று கேட்க வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினால், பழுப்பு நீங்கிச் சுத்தமான சதை தெரியும்வரை வெட்டிவிட்டு, நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். “இத்தனை நாள் காய்ந்தால் செத்துவிடாதா?” என்று கேட்பவர்களுக்கு நிலைவாசல் கற்றாழையைக் காட்டினாலே போதும்.

தூக்கும்போது முள் குத்தாமலிருக்கச் செய்தித்தாளை நாலாக மடித்துத் துண்டின் இடுப்பில் பட்டைபோலச் சுற்றிக்கொள்ளலாம். நெசவு வீடாக இருந்தால் பயன்படாமல் கிடக்கும் பழைய ஜக்கார்டு அட்டைகள் அதைவிட உறுதி.

மண் எளிது. பருமணல் பாதி, செம்மண் பாதி, ஒரு கை மக்கிய எரு. மண்தொட்டி, அடியில் ஓட்டை. பிளாஸ்டிக் தொட்டி வேண்டவே வேண்டாம்.

சாயாமல் நிற்கட்டும் என்று ஓரடி ஆழத்துக்குப் புதைப்பது அடுத்த தவறு. எவ்வளவு உயரமானாலும் மூன்று நான்கு அங்குலம் போதும். நிற்க வைப்பது குச்சியின் வேலை. மூன்று மூங்கில் குச்சிகளைச் சுற்றிலும் ஊன்றி, கிழிந்த புடவைத் துணியால் தளர்வாகக் கட்ட வேண்டும். கயிறு தோலை அறுக்கும். தாய்ச்செடியில் எந்தப் பக்கம் வெயில் பார்த்து நின்றதோ, அதே பக்கம் இங்கும் வெயிலைப் பார்க்கட்டும். வெட்டுமுன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் குழப்பமில்லை.

நட்ட நாளில் தண்ணீர் கிடையாது. ஒரு வாரம் கழித்து ஓரமாக ஒரு டம்ளர், பிறகு மண் முழுக்கக் காய்ந்தபின் இன்னொரு டம்ளர். உச்சியில் பச்சைத் துளிர் கண்டதும் வேர் பிடித்துவிட்டதாக எண்ணி வாளியைத் தூக்குகிறார்கள். அந்தத் துளிர் சேமிப்பில் இருந்த தண்ணீரிலும் வரும். ஆறேழு வாரம் கழித்துக் கட்டைத் தளர்த்தி, தண்டை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். மண்ணும் கூடவே அசைந்தால் வேர் பிடித்துவிட்டது. அதன்பின் காலை வெயிலில் தொடங்கி மெல்ல மெல்ல மொட்டைமாடிக்கு ஏற்றலாம். அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் மட்டும் அது முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு ஏற்றலாம்.