போதகர் இல்லத்துக்கு ஏற்ற கொடை

பொருளைக் கொடுத்தல் எளிது. பெறுவாரது நிலையறிந்து கொடுத்தல் அரிது. இவ்வருமை எல்லாக் கொடைக்கும் உரியதேனும், நம் சபையார் போதகர் குடும்பத்துக்கு அளிக்கும் கொடையின்கண் மிகுதியும் காணப்படுகின்றது. எளியார் தம் குறையை வாய்விட்டுக் கேட்பர். உறவினர் உரிமையாற் கேட்பர். போதகர் வீட்டாரோ கேளார். கேட்பின், திருப்பணியைப் பிழைப்பாக்கினர் என்னும் பழி வருமென அஞ்சுவர். ஆதலின், அவர் தேவையைக் கொடுப்போரே உணர்ந்து கொடுத்தல் வேண்டும். அஃது எங்ஙனம் என்பதைத் தமிழ் நூல்களையும் திருமறையையும் துணையாகக்கொண்டு, திருநெல்வேலிச் சபைகளின் வழக்கத்தோடு பொருத்தி, ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியனார் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை இரத்தற்கண் வருவன எனக் காட்டுகின்றார். தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பன் என்பது அவர் வரையறை. பொருள் கைமாறுதல் மூன்றிடத்தும் ஒன்றே. கேட்போர்க்கும் கொடுப்போர்க்கும் உள்ள முறைமை வேறுபடவே சொல்லும் வேறுபட்டது. போதகர் இல்லத்துக்கு நாம் செய்யும் கொடை இம்மூன்றனுள் எதன்பாற் படும்? இரவலர்க்கு இடுவதுபோல் இடுவாரும் நம்முள் உளர். அவர் கொடை ஈ என்னும் சொல்லுக்கு உரியது. அதிகாரிக்குத் திறை செலுத்துவதுபோல், அச்சத்தானோ பயன் கருதியோ செலுத்துவாரும் உளர். அவர் கொடை கொடு என்னும் சொல்லுக்கு உரியது. தா என்னும் சொல்லுக்குரிய கொடையே, ஒரே உடலின் உறுப்புக்களாய் விளங்கும் சபையாருக்கும் போதகருக்கும் தக்கது. ஒத்தார்க்கு ஒத்தார் தரும் அக்கொடையில் கொடுப்பவர்க்குப் பெருமிதமும் இல்லை. கொள்பவர்க்குக் கூச்சமும் இல்லை.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளில், வறியார்க்குக் கொடுப்பதே ஈகை என்றும், பிறர்க்குக் கொடுப்பன எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் கூறினார். குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுப்பது. ஊதியம் பெறும் போதகர்க்குக் கொடுப்பதும் இவ்வகையதாமோ எனின், பயன் கருதாது கொடுப்பின் ஆகாது என்க. அதனை ஈகைக்கு முன் நின்ற ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வைத்து நோக்குதல் தகும். ஆண்டு ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரமும் ஒப்புரவாளன் செல்வத்துக்கு உவமையாகின்றன. சேகரத்தில் பசித்தவரும், வழிப்போக்கரும், மனம் நொந்தவரும் முதற்கண் நாடி வருவது போதகர் வீட்டு வாயிலையே. ஊருணியில் நாம் வார்த்த நீர் அதன்கண்ணே தேங்கி நிற்பதில்லை. ஊரார் அனைவர்க்கும் பயன்படுகின்றது.

இவ்வுண்மைக்குப் புறநானூற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. குமணனிடம் பெரும்பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், தம் மனைவியை நோக்கிக் கூறுவதாக அமைந்தது 163-ஆம் பாட்டு. அவளை விரும்பியவர்க்கும், அவள் விரும்பியவர்க்கும், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்க்கும், இன்னார் என்று எண்ணாது, தம்மையும் கேளாது, எல்லார்க்கும் கொடுக்குமாறு புலவர் பணிக்கின்றார். வறுமையுற்ற இல்லத்தில் பரிசில் வந்தபோது, அதனைப் பகிர்ந்தளிக்கும் உரிமை மனையாளுக்கே தரப்பட்டமை காண்க. போதகர் மனைவியாரது கையும் அத்தகையதே. ஆதலின், அவர் விரும்பியவாறு பயன்படுத்தத்தக்க கொடையே சிறந்தது. கொடுத்த அரிசி என்னாயிற்று, கொடுத்த துணியை யார் உடுத்தினார் என்று பின்தொடர்ந்து வினவுதல் கொடையின் பயனைக் கெடுக்கும்.

அப்புலவரே பாடிய 208-ஆம் பாட்டு மற்றொரு நுட்பத்தை உணர்த்துகின்றது. குன்றுகளும் மலைகளும் கடந்து அதியமான் நெடுமானஞ்சியிடம் அவர் சென்றார். அரசன் அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்றிலர். தம்மைக் காணாது தந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் எனவும், தம் தகுதியை அறிந்து தினையளவே தரினும் அஃது இனியது எனவும் கூறினார். அரசன் பொருளிற் குறை வைக்கவில்லை. காணுதலிற் குறை வைத்தான். பண்டிகைதோறும் வேலையாள் கையிற் பெட்டியைக் கொடுத்தனுப்பி, ஆண்டு முழுதும் அவ்வீட்டின் படியை மிதியாதார் இதனைச் சிந்திப்பாராக.

காணுதலினின்று பிறந்த கொடைக்குச் சூனேம் ஊர்ப் பெண்மணியின் செயலைத் திருமறை எடுத்துக்காட்டுகின்றது. எலிசா தன் ஊர்வழியே அடிக்கடி செல்லுதலை அவள் கண்டாள்; முதலில் உணவளித்தாள்; பின்னர்க் கணவனோடு கலந்து, மேல்வீட்டில் ஒரு சிற்றறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள். இந்நான்கும் விலையுயர்ந்தன அல்ல. களைத்த வழிப்போக்கனுக்குக் கட்டில், உண்ணவும் எழுதவும் மேசை, அமர நாற்காலி, இரவில் ஒளி. அவன் வாழ்க்கையை உற்று நோக்கியவளுக்கே இவை தோன்றும். சாமுவேலின் தாய் அன்னாளும் ஆண்டுதோறும் ஒரு சிறு சட்டை தைத்துக்கொண்டு தேவாலயத்துக்குச் சென்றாள். வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டிற் பொருந்தாது. பிரிந்திருந்தும் அவள் நினைவு அப்பிள்ளையோடு வளர்ந்தது. பவுல் அப்போஸ்தலரோ சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுங்கால், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லி, மாரிக்காலத்துக்கு முன் வருமாறும் வேண்டினார். உடலுக்கு வெம்மை, உள்ளத்துக்கு நூல், காலந்தாழ்த்தாத வருகை என்னும் மூன்றும் அவ்வேண்டுகோளில் அடங்கின.

இனி நம் நாட்டுச் சபைகளை நோக்குவாம். 1733-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றபோது, சீர்திருத்தச் சபையில் அப்பட்டம் பெற்ற முதற் தமிழர் அவரே ஆயினர். அக்காலத்தும் அதற்குப் பின்னர் நெடுநாளும் போதகர் ஊதியம் பெரும்பாலும் கடல்கடந்த சங்கங்களினின்று வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென், சபைகள் தம் செலவைத் தாமே தாங்கவும், தம்மைத் தாமே ஆளவும், நற்செய்தியைத் தாமே பரப்பவும் வேண்டுமென வலியுறுத்தினார். தம் போதகரைத் தாமே தாங்கும் பொறுப்பை மேற்கொண்ட நம் முன்னோர், பெரும்பாலும் பனையேறியும் உழுதும் கூலிவேலை செய்தும் வாழ்ந்தவர். ஆதலின் தம்பால் உள்ளதைக் கொடுக்கும் வழிகளைக் கண்டனர். உலையிலிடும் அரிசியினின்று வேளைதோறும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்திற் சேர்த்துவைக்கும் கைப்பிடி அரிசியும், முதல் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகையும், அப்பண்டிகையில் வாழைத்தாரும் கோழியும் தேங்காயும் ஏலம் போதலும் இவ்வகையின. கைப்பிடி அரிசியின் சிறப்பு அளவில் இல்லை. தன் அடுப்பை மூட்டும்போதெல்லாம் ஒருத்தி திருச்சபையை நினைத்தாள் என்பதில் உள்ளது.

இம்முன்னோர் வழியில் வந்த நாம் இந்நாளில் எவற்றைக் கொடுக்கின்றோம்? வரவேற்புக்கொரு சால்வை, வழியனுப்புதற்கொரு சால்வை, சுவர்க் கடிகாரம், கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடல் ஆகியனவே மிகுதி. சால்வையை உண்ணலாகாது, பத்தாவது கடிகாரத்துக்குச் சுவரில் இடமும் இராது. சில ஆண்டுகட்கு ஒருமுறை இடமாற்றம் பெறும் குடும்பத்துக்குப் பெருநிலைப்பேழையும் கண்ணாடி அலமாரியும் கொடுத்தல், சுமையைக் கொடுத்தலேயாம். கொடைக்குக் காலமும் உண்டு. கிறிஸ்து பிறப்புப் பண்டிகையில் பணியாரமும் கேக்கும் அவ்வீட்டில் குவிகின்றன. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பிள்ளைகட்குப் புத்தகமும் சீருடையும் வாங்கும் நாளில், ஒருவரும் வருவதில்லை.

பண்டிகை நாளையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன் ஓர் ஊரில் ஆராதனை. அது முடிந்ததும் அடுத்த ஊர். அதன்பின் மற்றோர் ஊர். பல கோயில்களையுடைய சேகரத்தின் குரு, ஊரெல்லாம் விருந்துண்ணும் வேளையில் வழியில் இருப்பர். ஐயரம்மாளோ வாழ்த்துரைக்க வருவாரை உபசரித்து நிற்பர். பிள்ளைகள் தந்தையை எதிர்நோக்கியிருப்பர். அவர்கட்கு அன்று வேண்டுவது மற்றொரு கேக்கன்று. ஒரு குடும்பத்தார் சோறும் குழம்பும் சமைத்துக் கொண்டுசென்று, பரிமாறி, பாத்திரங்களையும் கழுவிவைத்து வருவாராயின், அவ்வொருவேளை ஓய்வு பட்டுப்புடைவையினும் இனிதாகும்.

பிள்ளைகள்பால் தனிக் கவனம் வேண்டும். தம் பிள்ளைகள் உடுத்துக் கழித்த துணியைக் கொடுத்து, அதனை உடுத்திக் கோயிலுக்கு வரும் பிள்ளையைச் சுட்டிப் பேசுவாரும் உளர். அப்பிள்ளையும் பள்ளியில் நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்வதை மறத்தலாகாது. நூலை விரும்பும் பிள்ளைக்கு அதன் பெயரெழுதிய ஒரு நூலும், பந்தாடும் பிள்ளைக்கு ஒரு பந்தும், போதகர் பிள்ளை என்பதற்காகவன்றி அப்பிள்ளை என்பதற்காகவே கொடுக்கப்படுதல் வேண்டும்.

பொருளற்ற கல்லூரி மாணவராகிய நம்மாற் கொடுக்கத்தக்கது யாது என வினவலாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது அவ்வீட்டுப் பிள்ளைகட்குக் கணக்கோ ஆங்கிலமோ கற்பித்தல், கண்ணொளி மங்கிய முதிய போதகர்க்கு நூல் படித்துக் காட்டல், ஒழுகும் ஓட்டை மாரிக்கு முன் மாற்றுதல் ஆகியன நம் கையில் உள்ளன. வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு ஒரு கிராமப் போதகரின் மகனாய்ப் பிறந்து, 1912-ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியா, 1910-ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில் ஆற்றிய உரையை நாம் அறிவோம். மேனாட்டார் பொருளையும் உயிரையும் ஈந்தமையைப் போற்றியபின், இந்தியர் அவரிடம் வேண்டுவது நட்பு என்னும் கருத்தை அவர் துணிந்து கூறினார். போதகர் வீட்டில் வளர்ந்த ஒருவர் கொடைகள் அனைத்திலும் நட்பையே அரிதெனக் கண்டமை நோக்கற்பாலது.

இனி, விலக்கத்தக்க கொடையும் உண்டு. குட்டம் நீங்கிய நாகமான் கொணர்ந்த பொருளை எலிசா மறுத்தான். பின்தொடர்ந்து சென்று வாங்கிய கேயாசி அக்குட்டத்தையே பெற்றான். பவுலும் பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பியவற்றை மகிழ்ந்து ஏற்றார். கொரிந்து சபையார்க்கோ பாரமாகாதிருந்தார். சபைத் தேர்தலில் ஆதரவு வேண்டியும், வழக்கொன்றில் தம் பக்கம் சாய்க்கவும் கொடுப்பது போதகரை விலைக்கு வாங்குதலாம். சங்கக் காணிக்கையைச் செலுத்தாது நிலுவைவைத்து, போதகர்க்குத் தனியே பரிசளித்தலும் முறையன்று. உரிய ஊதியத்தைக் குறைவறக் கொடுத்தபின் தருவதே அன்பின் கொடையெனப்படும்.

இவையனைத்தினும் பெரிய சோதனை ஒன்று உண்டு. லேவியர்க்கு நிலப்பங்கு இல்லாமையால், அந்நியரோடும் திக்கற்ற பிள்ளையோடும் விதவையோடும் அவர்களை ஒருங்குவைத்து நினைவுகூருமாறு உபாகமம் கட்டளையிட்டது. போதகர் வாழும் வீடும் அவருடையதன்று, சபையினது. அவர் பணியிலிருக்கும்போதே மரிப்பாராயின், மனைவியும் பிள்ளைகளும் கண்ணீர் காயுமுன்னரே அவ்வீட்டை விட்டு நீங்க வேண்டியவராவர். நேற்றுவரை வாயிலில் வந்து நின்ற கொடைகள் இன்று புதிய போதகரை நாடிச் செல்லும். நாம் இதுகாறும் கொடுத்தது பதவிக்கோ மக்கட்கோ என்பது அன்று வெளிப்படும்.

இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், சூனேம் பெண்மணியின் வரலாற்றுக்கு முன்னர் நிற்பது ஒரு தீர்க்கதரிசியின் விதவையின் வரலாறு. கடன்காரன் அவள் மைந்தர் இருவரையும் அடிமைகொள்ள வந்தான். அவள் வீட்டில் ஒரு குடம் எண்ணெயன்றி யாதும் இல்லை. அயலார் அவளுக்குத் தந்தன வெறும் பாத்திரங்களே. அவை கிடைத்தவளவும் எண்ணெய் பெருகிற்று. பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றது. அதனை விற்றுக் கடனைத் தீர்த்து, எஞ்சியதுகொண்டு அவளும் மைந்தரும் பிழைத்தனர். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற் பங்கேற்றலும், குடியிருக்க வீடு தேடித் தருதலும், வரவேண்டிய பணத்துக்குரிய விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்தலும் இக்காலத்து வெறும் பாத்திரங்கள் எனலாம்.

மாணவ அன்பர்களே, வருகின்ற விடுமுறையில் நம் ஊர்ப் போதகர் வீட்டுக்குச் செல்வோம். அதன்பின், முன்னாளில் அவ்வூரில் ஊழியஞ்செய்து மறைந்த போதகரின் குடும்பம் எங்குளது என விசாரித்து, அங்கும் செல்வோம். கையில் யாது கொண்டுசெல்வது என்பதை, அவர்களைக் கண்டு சற்றுநேரம் உடனிருந்தபின் அறிந்துகொள்வோம்.